ரேடியோ செட் கட்டுகிற ஊரில் தூங்குவது எப்படி?

பெருநகரத்தில் பக்கத்துத் தெருவில் செட் போட்டால், போட்டவர் யாரென்றே நமக்குத் தெரியாது. சங்கரன்கோவில், புளியங்குடி, அம்பாசமுத்திரம் மாதிரி ஊர்களில் அப்படியில்லை. செட் கட்டுகிறவர் நம் பையனோடு ஒரே வகுப்பில் படித்தவராக இருப்பார். கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் கடையில்தான் நமக்கு மாதச் சாமான். மண்டபத்து முதலாளி தெரு முனையில் குடியிருப்பார். ராத்திரி சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். காலையில் அவர் கடைக்குத்தான் பருப்பு வாங்கப் போக வேண்டும். அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பாதி வீட்டுக்குள் செய்துகொள்ளும் வேலை, மீதி ஊருக்குள் பேசிச் சரிக்கட்டுகிற வேலை. போலீஸுக்குப் போன் செய்வதும் இதில் உண்டு. ஆனால் அது முதல் வேலை இல்லை.

1. தினசரி காலண்டரை வருடத் தொடக்கத்திலேயே ஒரு தடவை புரட்டிவிடுங்கள். சிற்றூர்ச் சத்தத்தில் முக்கால்வாசி முன்கூட்டியே தெரிந்ததுதான். தை, மாசி, வைகாசி, ஆவணியில் முகூர்த்த நாள்கள். முதல் நாள் மாலையே மண்டபத்தில் வரவேற்புக் கச்சேரி தொடங்கிவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது, கூழ் ஊற்றும் செட் உண்டு. மார்கழியில் விடிவதற்கு முன்பே பாட்டு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பங்குனி, சித்திரை, ஆடி எல்லாம் கொடைக் காலம். இந்த நாள்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள். பல் பிடுங்குவது, கண் ஆபரேஷன், பிரசவித்த பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வருவது, ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல் போன்றவற்றை அந்த வட்டங்களைத் தவிர்த்து வைத்துக்கொள்ளலாம்.

2. கமிட்டியிடம் பேச வேண்டியதை வரி வாங்க வரும்போதே பேசிவிடுங்கள். கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க நாலைந்து பேர் நோட்டோடு வாசலில் நிற்பார்களே, அதைவிட நல்ல நேரம் கிடையாது. அப்போது அவர்கள் கேட்கிற இடத்தில் இருக்கிறார்கள், நாம் கொடுக்கிற இடத்தில். பணத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே, “அண்ணாச்சி, மூத்தவளுக்கு பிளஸ் டூ பரீட்சை. சாமக்கொடைக்கு மேளம் அடிக்கட்டும், வில்லுப்பாட்டு நடக்கட்டும், அது சாமி காரியம். பாட்டு செட்டை மட்டும் பத்து மணிக்கு நிப்பாட்டச் சொல்லுங்க” என்றால் நோட்டுக்காரர் தலையாட்டுவார். பந்தல் போட்டு, விளக்குக் கட்டி, இளவட்டங்கள் சேர்ந்த பிறகு இதே வார்த்தையைச் சொன்னால் சண்டையாகிவிடும்.

சொல்லும்போது ஒரே ஒரு காரியம் கேளுங்கள். சத்தத்தைக் குறையுங்கள், சீக்கிரம் முடியுங்கள், இடத்தை மாற்றுங்கள் என்று அடுக்கினால் எதுவும் நடக்காது. “பத்து மணி” என்ற ஒரு சொல் ஞாபகத்தில் நிற்கும்.

3. கமிட்டியைவிடப் பெரிய ஆள் செட்காரர். இதைப் பலர் யோசிப்பதில்லை. தலைவர் மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருப்பார். ஆம்ப்ளிஃபயர் திருகு செட்காரர் கையில்தான் இருக்கும். அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வருவது பெரும்பாலும் முதல் நாள் மத்தியானம். ஒரு பையன் ஏணியில் நின்று தென்னங்கயிற்றால் குழாயை வேப்பமரக் கிளையில் வரிந்து கட்டுவான். கீழே நிற்கிறவர் வயரைப் பல்லால் சீவி முறுக்குவார். அந்த நேரத்தில் ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “தம்பி, நம்ம வீட்டுப் பக்கம் பார்த்திருக்கிற குழாயை மட்டும் குளத்தைப் பார்த்துத் திருப்பிக் கட்டு” என்று சொல்லிப் பாருங்கள். கயிறு இறுகுவதற்கு முன் என்றால் அவருக்கு அது அரை நிமிட வேலை.

இதில் விஷயமும் உண்டு. குழாயிலிருந்து வரும் கீச்சுச் சத்தமும் பாட்டின் சொற்களும் அது பார்க்கும் திசையில்தான் அதிகம் பாயும். வாயை வேறு பக்கம் திருப்பினால் சத்தம் முழுசாக நிற்காது, குத்தல் போய்விடும். தூரமும் உதவும். திறந்த வெளியில் செட் இரண்டு மடங்கு தூரம் தள்ளிப்போனால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஆகவே அடுத்த மரத்துக்கு மாற்றிக் கட்டுவதுகூட வீணில்லை. குழாய் செட்டுக்குக் காவல் துறை பொதுவாக அனுமதி தருவதில்லை, பாக்ஸ் மட்டும் என்றுதான் நிபந்தனை போடுவார்கள். ஆனாலும் ஊர்ப்பக்கம் குழாய் ஒழிந்தபாடில்லை.

4. சத்தம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று டார்ச் வைத்துக் கண்டுபிடியுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பெரிய குற்றவாளி இல்லை. அது நன்றாகவே தடுக்கும். ஓட்டைதான் குற்றவாளி. ராத்திரி அறையில் விளக்கை அணைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, வெளியில் ஒருவரை நிறுத்தி ஜன்னல் ஓரமாக டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் சத்தமும் நுழையும். பழைய மரக்கதவுகள் கோடையில் சுருங்கி, இரண்டு கதவு சேரும் இடத்தில் விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டிருக்கும். அலுமினியத் தள்ளு ஜன்னலில் ஓடுபாதை இருப்பதால் இடைவெளியும் கூடவே இருக்கும்.

இதற்கு ஹார்டுவேர் கடையில் ஒட்டுகிற ரப்பர் பீடிங் கேளுங்கள். சட்டத்தின் தூசியைத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். தூசி மேல் ஒட்டினால் ஒரு வாரத்தில் தொங்கும். கதவு சாத்தும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் சரியான தடிமன். கதவுக்கு அடியில் உள்ள சந்துக்குப் பழைய வேட்டியை நீளமாகச் சுருட்டித் துணிப்பையில் திணித்துத் தைத்து வைத்தால் போதும். பல்லி, கரப்பான் வராததும் உபரி லாபம்.

பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே கம்பி மட்டும் போட்ட வென்டிலேட்டர் இருக்கும். கீழே எவ்வளவு அடைத்தாலும் சத்தம் மேல் வழியாக வந்துவிடும். அந்த அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டி, ஓரத்தில் பீடிங் ஒட்டி, கொடை நாள்களில் மட்டும் பொருத்தி, மற்ற நாளில் பரணில் போட்டு வைக்கலாம். அடுக்களையிலும், கேஸ் கீசர் உள்ள குளியலறையிலும் இந்த வேலை வேண்டாம். அங்கே காற்றோட்டம்தான் முக்கியம்.

5. முட்டை அட்டை, தெர்மோகோல் இவற்றைச் சுவரில் ஒட்டச் சொல்லி வரும் யோசனைகளை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். கனமில்லாத பொருள் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மூட்டைப்பூச்சிக்கு நல்ல குடியிருப்பு கிடைக்கும். கனமான திரையும் ஏறக்குறைய அப்படியே. ஜன்னலை அடைத்த பிறகு போட்டால் கொஞ்சம் பலன் உண்டு, அடைக்காமல் போட்டால் இல்லை.

6. விசேஷ ராத்திரிகளில் படுக்கையை இடம் மாற்றுங்கள். மாடி அறையில் காற்று வரும் என்று எல்லாரும் மேலே ஏறுவோம். மரத்தில் கட்டிய குழாய்க்கு அது நேர்மட்டம். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி என்றால் சொல்லவே வேண்டாம். கீழ்த்தளத்தில் தெருவுக்குப் பின்புறமுள்ள அறை, அல்லது ஜன்னலே இல்லாத நடு அறை நல்லது. தெருப் பக்கச் சுவரில் துணிமணி நிறைந்த பீரோவை நிறுத்தி வைத்தால் அதன் கனம் கொஞ்சம் உதவும்.

7. பாக்ஸ் செட்டின் ‘தும் தும்’ வேறு வகை. அது ரப்பரையும் பிளைவுட்டையும் லட்சியம் பண்ணாது; சுவர் வழியாகவே வரும். அதை வீட்டுக்குள் தடுக்க நம்மால் ஆகாது, செட்காரரிடம் பேஸைக் குறைக்கச் சொல்வதுதான் வழி. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது பல நேரம் அந்தத் ‘தும்’ இல்லை, அதற்குப் பதில் சொல்லி நடுங்குகிற நம் வீட்டுச் சாமான்தான். ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுக்கும். ஜன்னல் கண்ணாடி படபடக்கும். பீரோக் கதவு முனகும். செட் ஓடும்போது ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் எது நிற்கிறதோ அதுதான் ஆள். தட்டுகளுக்கு இடையே ஒரு துண்டு, ஜன்னல் இடுக்கில் மடித்த அட்டை, பீரோக் கதவில் ஒரு சிறு ரப்பர் துண்டு வைத்தால் அடங்கிவிடும்.

8. மின்விசிறி இருக்கவே இருக்கிறது. டேபிள் ஃபேனைத் தலைமாட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வேகமாக ஓட விட்டால் அதன் சீரான இரைச்சல், விட்டு விட்டு வரும் சத்தத்தை மூடிவிடும். நாய்க் குரைப்பு, தூரத்து மைக், தெருப் பேச்சு எல்லாவற்றுக்கும் இது நல்ல மருந்து. பேஸ் சத்தத்துக்குப் பிரயோசனமில்லை.

9. காதில் பஞ்சு வைப்பதைவிட மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் எவ்வளவோ மேல். வாங்கியவர்களில் பாதிப் பேர் ‘இது பிரயோசனமில்லை’ என்று தூக்கிப் போடுவதற்குக் காரணம், சரியாக வைக்காததுதான். கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கு இடையே திரி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் அது வெளியே நழுவி, சும்மா தொப்பி மாதிரி நிற்கும்.

அழுக்கானதும் புதிது மாற்றுங்கள். காதில் சீழ், வலி இருப்பவர்கள் வைக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், எடுத்து வாயில் போட்டுவிடும். கைக்குழந்தையோ முடியாத பெரியவரோ இருக்கிற வீட்டில் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு தூங்காமல் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

10. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை ‘சத்தத்திலேயே படித்துப் பழகு’ என்று அதட்டுவதில் அர்த்தமில்லை. சொல் புரிகிற சத்தம், அதாவது பேச்சும் தமிழ்ப் பாட்டும்தான் படிப்பை அதிகம் கெடுக்கும். மனப்பாடத்தை அந்த நேரத்தில் விட்டுவிட்டு கணக்குப் போடுவது, படம் வரைவது, எழுதிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் கிளை நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. கொடை உச்சத்தில் இருக்கும் ராத்திரிக்கு மட்டும் பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைப்போம். அன்றைக்குத்தான் அத்தை குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வந்து இறங்குவாள்.

11. லோடு ஆட்டோவில் ஒரே பேச்சைப் பதிவு செய்து திரும்பத் திரும்பப் போட்டு வருகிறவர்களை நிறுத்தி, “நாங்க வாங்குவோம், இந்த நாலு வீட்டுக்கு முன்னால மட்டும் மைக்கை அமத்திருங்க” என்றால் கேட்பார்கள். வாங்கவும் வேண்டும். அவசியமில்லாமல் ஹாரன் அடித்தால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கு 1,000 ரூபாயும் அடுத்த தடவைக்கு 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. சைலன்சரை மாற்றி வெடிச் சத்தத்தோடு பைக் ஓட்டுகிற பையனின் அப்பாவைப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் சொல்வதுதான் அபராதத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

12. தண்ணீர் மோட்டாரின் உறுமல் பாதிக்கு மேல் தரையும் குழாயும் அதிர்வதால் வருவது. அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, சுவரில் குழாய் தொடும் இடங்களில் ரப்பர் வைத்துக் கிளாம்ப் போட்டால் நன்றாக அடங்கும். குமாரபாளையம், சோமனூர், சங்கரன்கோவில் மாதிரி விசைத்தறி ஊர்களில் கதையே வேறு. தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைவிட, தறி ஓட்டுகிறவர் காதுதான் முதல் கவலை. அவர் வேலை நேரம் முழுக்கக் காதடைப்பான் போட வேண்டும். வயதான தறிக்காரர்கள் உரக்கப் பேசுவதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

13. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சொல்லிக் காட்டுவது பிறகு. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். அந்த 15 நாளை அரசுதான் அறிவிக்கும், கமிட்டி இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 10 டெசிபல் வரை கூடலாம், ஆனால் எங்கேயும் 75-ஐத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

மார்கழி விடிகாலைப் பாட்டும், ஐந்து மணி முகூர்த்தத்துக்குப் போடும் செட்டும் இந்தக் கணக்கில் விதிமீறல்தான். சென்னையில் ஒரு குடியிருப்பு நலச் சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் இடையே நடந்த வழக்கில், ஒலிபெருக்கியால் மற்றவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. 2005-இல் வந்த பெரிய தீர்ப்பு இரவுத் தடையை உறுதி செய்தது. அந்த வழக்கின் பின்னணியில் ஒரு கொடுமை உண்டு: பாட்டுச் சத்தத்தில், பலாத்காரத்துக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. ‘ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கோயேன்’ என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

14. புகார் கொடுப்பதென்றால் கோபம் தலைக்கேறியபோது கொடுக்காதீர்கள். பத்தேகால் மணிக்கு முதலில் கமிட்டி ஆளுக்குப் போன். பத்தரைக்கும் நிற்கவில்லை என்றால் ஸ்டேஷனுக்கோ 100 அல்லது 112-க்கோ அழைத்து இடம், அடையாளம், எத்தனை மணியிலிருந்து என்பதை மட்டும் சொல்லுங்கள். யார், எந்தத் தெரு ஆட்கள், எந்தச் சாதி, எந்த மதம் என்ற பேச்சே வேண்டாம். அதைத் தொட்டால் சத்தம் மறந்துபோய் வேறு பிரச்சினை ஆகிவிடும். மண்டபம் மாதிரி வாராவாரம் தொடரும் தொல்லைக்குப் போன் போதாது. நாலு தெரு ஆட்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகல் ஒன்று டி.எஸ்.பி.க்கு. அடுத்தது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி எழுதிய நோட்டும் செல்போனில் எடுத்த வீடியோவும் உதவும். போனில் உள்ள டெசிபல் ஆப் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆகும், ஆதாரமாக நிற்காது.

மனுவில் எல்லா விசேஷத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தெருக் கோயிலை மட்டும் எழுதி நம் தெருக் கோயிலை விட்டுவிட்டால், மனுவைப் படிக்கிற இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வரும்.

15. நம் வீட்டுக் காதுகுத்துக்குச் செட் போடும்போது பாக்ஸைப் பந்தலுக்கு உள்பக்கம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு நிறுத்தவும் வேண்டும். பத்திரிகை கொடுக்கப் போகும்போதே பக்கத்து வீட்டில் நோயாளி, கைக்குழந்தை உண்டா என்று விசாரித்துக்கொண்டால் போதும். வெளிப்புறக் குழாயை ‘இலவசம்’ என்று செட்காரரே சேர்த்துக் கட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

16. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரைதான் பட்டாசு நேரம். ஊர்வலம், சாவு ஊர்வலம் இவற்றில் போடும் வேட்டுக்கு நேரம் காலம் கிடையாது. வீட்டு நாயையும் பூனையையும் உள் அறையில் விட்டு ஃபேனைப் போட்டு வையுங்கள். தெரு நாய்கள் ராத்திரி குரைத்தால் கல்லெறிவதில் பயனில்லை, இன்னும் குரைக்கும். குப்பையும் இலையும் கொட்டுகிற இடம் நம் ஜன்னலுக்குக் கீழே இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். நாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி நகராட்சியில் மனு கொடுங்கள்.

17. செட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் காதில் ‘ங்ங்’ என்று இரையும், பேச்சு மந்தமாகக் கேட்கும். ஒரு நாளில் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். தள்ளிப் போட்டால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும். இடைப்பட்ட நேரத்தில் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகை விட்டுக் குடைவது இரண்டும் கூடாது.